ஏப்ரல் 9: மண்டபத்துக்கு வெளியே பாடியவர்கள்

எங்கப்பாவின் பிறந்த தேதி ஜூன் 1. எங்கள் தெருவில் அவர் வயசு ஆட்கள் முக்கால்வாசிப் பேருக்கு அதே ஜூன் 1தான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் அஞ்சு வயசு ஆச்சு என்று வாத்தியார் எழுதிக்கொண்ட தேதி அது. தாத்தாவுக்கு அதுவும் கிடையாது. புயலடிச்ச வருசத்துக்கு மறுவருசம் பிறந்தவர் என்பார்கள். எந்தப் புயல் என்பதில் பாட்டிக்கும் சித்தப்பாவுக்கும் கடைசிவரை தகராறு.

பாட்டு வரலாற்றைத் தேதிவாரியாக எழுதிவைக்கும் பழக்கம் மேற்கில் உண்டு. இன்ன நாளில் இன்னார் பிறந்தார், இன்ன இசைத்தட்டு வந்தது, இன்ன அரங்கில் கச்சேரி நடந்தது என்று. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது, இந்தத் தேதியை எழுதிவைத்தவன் யார், எழுதப்படாமல் போனவன் யார் என்பதுதான். அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, பெரும் பேச்சாளராக எழுந்த பிரடெரிக் டக்ளசுக்குத் தன் பிறந்த நாள் தெரியாது. பிப்ரவரி 14 என்று அவரே வைத்துக்கொண்டார். நம்ம ஜூன் 1 மாதிரிதான், ஆனால் அவர் தேதியை அவரே போட்டுக்கொண்டார்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஏப்ரல் 9. அண்ணல் பிறந்த நாளுக்கு அஞ்சு நாள் முந்தி. நாம் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சிக்கொண்டு திரிகிற நாட்களில் சத்தமில்லாமல் கடந்துபோகிற தேதி. அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு வரலாறு இந்தத் தேதியைத் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டு போயிருக்கிறது.

1865இல் அது குருத்தோலை ஞாயிறு. வர்ஜீனியாவில் அப்போமாட்டாக்ஸ் என்ற ஊரில் தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தார். அடிமைகளை வைத்திருந்த பண்ணையார்களின் சண்டை அத்தோடு தோற்றது. அந்த வருசக் கடைசியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. சரி, ஒழிந்த பிறகு அந்த மக்கள் பருத்திக் காட்டிலும் ராத்திரி ஜெபத்திலும் பாடிய பாட்டுகளை என்ன செய்வது? 1871இல் டென்னசியின் பிஸ்க் பள்ளியில் படித்த கறுப்பு மாணவர்கள் பள்ளிக்கு நிதி திரட்ட ஊர் ஊராகப் பாடப் போனார்கள். 'ஸ்பிரிச்சுவல்' என்று இன்று உலகமே கொண்டாடும் அந்தப் பாடல்களை வெள்ளையர் முன்னால் பாட அவர்களுக்கு முதலில் கூச்சம், தயக்கம். அது அடிமைப் பாட்டு. அப்பன் ஆத்தா அடிபட்ட பாட்டு. படிச்ச பிள்ளைகள் அதைப் போய் மேடையில் பாடுவதா?

இந்தத் தயக்கத்தை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. பறையை இனி தொடவே மாட்டோம் என்று தூக்கிப் போட்டவர்களும், பறையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடை ஏறியவர்களும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பியாக இருந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தது. பிஸ்க் பிள்ளைகள் கடைசியில் பாடினார்கள். அந்தப் பாட்டு கடல் தாண்டிப் போனது.

1898 ஏப்ரல் 9 அன்று நியூஜெர்சி மாநிலம் பிரின்ஸ்டனில் பால் ராப்சன் பிறந்தார். அப்பா வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து பதினைந்தாவது வயசில் தப்பி ஓடி, படித்து, சபைப் போதகரானவர். மகனுக்குப் பிறந்த தேதி எழுதப்பட்டது என்பதே ஒரு தலைமுறை நடந்த தூரம். ராப்சன் ரட்கர்ஸ் கல்லூரியில் கால்பந்தில் பேரெடுத்தார், படிப்பில் முதலிடம் வந்தார், 1923இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த அதே கொலம்பியா. வக்கீல் அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரத் தட்டச்சுப் பெண், கறுப்பன் சொல்லச் சொல்ல நான் எழுத மாட்டேன் என்றாள். ராப்சன் எழுந்து வந்துவிட்டார். வந்தவர் நாடகத்துக்கும் பாட்டுக்கும் போனார். 1925 ஏப்ரலில் நியூயார்க்கில் லாரன்ஸ் பிரவுன் பியானோ வாசிக்க, கறுப்பர்களின் பாட்டை மட்டுமே வைத்து ஒரு முழுக் கச்சேரி செய்தார். பிஸ்க் பிள்ளைகளின் தயக்கம் அவரிடம் இல்லை.

பிரின்ஸ்டனை விடுவதற்கு முன் ஒரு செய்தி. 1937இல் அங்கே ஒரு கறுப்புப் பாடகி கச்சேரிக்கு வந்தார். அரங்கம் கைதட்டியது. ராத்திரி தங்க விடுதியில் அறை கொடுக்க மறுத்துவிட்டார்கள். அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தங்கவைத்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். பாடகி பெயர் மரியன் ஆண்டர்சன். ஏப்ரல் 9 பெரும்பாலும் இவரால்தான் நினைக்கப்படுகிறது.

1897இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். சின்ன வயசில் இசைப்பள்ளியில் சேரப் போனபோது கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சபை மக்கள் சில்லறை சில்லறையாகக் காசு சேர்த்து வாத்தியார் வைத்துக் கொடுத்தார்கள். ஐரோப்பாவுக்குப் போனார், புகழ் வந்தது. 1935இல் சால்ஸ்பர்க் விழாக்காரர்கள் அவரைத் தங்கள் நிகழ்ச்சியில் சேர்க்கவில்லை. தனியாகப் பாடினார். அங்கே கேட்ட இசை நடத்துநர் டாஸ்கனினி, நூறு வருசத்துக்கு ஒருமுறை கேட்கக் கிடைக்கும் குரல் என்றார். குரல் நூறு வருசத்துக்கு ஒன்று. ஆள் மட்டும் வெளியே நிற்கணும்.

வாஷிங்டனில் கறுப்பர்களின் ஹோவர்டு பல்கலைக்கழகம் அவரை வழக்கமாக அழைத்துப் பாடவைக்கும். 1939இல் கூட்டத்தை அடக்கப் பெரிய மண்டபம் தேவைப்பட்டது. ஊரில் பெரியது கான்ஸ்டிட்யூஷன் ஹால், 4,000 பேருக்கு மேல் கொள்ளும். சொந்தக்காரர்கள் 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' என்ற பெண்கள் சங்கம். பேரைக் கவனியுங்கள். புரட்சி, அரசியல் சாசனம் எல்லாம் பேரில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: மேடையில் வெள்ளைக் கலைஞர்கள் மட்டும். கேட்க வரும் கறுப்பருக்கும் தனியாக ஒதுக்கின இடம்தான். மண்டபம் மறுக்கப்பட்டது. ஒரு வெள்ளையர் பள்ளி அரங்கத்தைக் கேட்டார்கள், அதற்கும் கல்விக் குழு முட்டுக்கட்டை போட்டது.

பிறகு நடந்ததைச் சொல்லும்போது எல்லாரும் எலினார் ரூஸ்வெல்ட்டிலிருந்து தொடங்குவார்கள். குடியரசுத் தலைவரின் மனைவி அந்தச் சங்கத்திலிருந்து விலகினார், தன் பத்திரிகைப் பத்தியில் எழுதினார், நாடே பேசியது. உண்மைதான், பெரிய காரியம்தான். ஆனால் அதற்கு முன்பே ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்காரர்களும், நிறபேத எதிர்ப்புச் சங்கத்தின் வால்டர் ஒயிட்டும், ஊர்க் கறுப்பர்களும் கூட்டம் போட்டு, மனு கொடுத்து, மறியல் செய்து அலைந்திருந்தார்கள். நம்ம கதையையும் நல்ல மனசுக்காரப் பெரிய இடத்து ஆளிலிருந்துதானே தொடங்குகிறார்கள்!

கடைசியில் உள்துறைச் செயலர் ஹெரால்டு இக்கெஸ் லிங்கன் நினைவகத்தின் படிக்கட்டைக் கொடுத்தார். அந்த நினைவகத்துக்கும் ஒரு கதை உண்டு. 1922இல் அதைத் திறந்த அன்று, அடிமைத் தளையை உடைத்த மனுசனின் சிலைக்கு முன்னாலேயே, அழைக்கப்பட்ட கறுப்பு விருந்தினர்களைத் தனியாக ஒதுக்கி உட்காரவைத்தார்கள்.

1939 ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு. குளிர். மரியனும் அவர் அம்மாவும் வாஷிங்டன் வந்தபோது தங்க ஓட்டல் இல்லை, ஒரு முன்னாள் ஆளுநர் வீட்டில் இறங்கினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரோமக் கோட்டை இறுக்கிக்கொண்டு அவர் ஒலிவாங்கிகளின் முன்னால் வந்து நின்றபோது எதிரே 75,000 பேர். கறுப்பரும் வெள்ளையரும் கலந்து நின்றார்கள், ஒதுக்கின இடம் என்று எதுவும் கிடையாது. வானொலியில் லட்சக்கணக்கானோர். நாட்டுப்பற்றுப் பாடல் ஒன்றில் தொடங்கினார். அதில் 'நான்' என்று வரும் ஒரு இடத்தை 'நாம்' என்று பாடினார். பிறகு ஒரு இத்தாலிய ஆப்பராப் பாட்டு, ஷூபர்ட்டின் மரியா வாழ்த்து. அடுத்த பகுதி முழுக்க அடிமைகளின் பாட்டு. ஐரோப்பியப் பாட்டைத் தன்னால் பாட முடியும் என்று காட்டிவிட்டு, பாட்டன் பூட்டன் பாட்டை அதே நிமிர்வோடு அதே இடத்தில் வைத்தார். வரிசையைப் பாருங்கள், அதற்குள் ஒரு வாதம் இருக்கிறது.

1943இல் அதே புதல்விகள் போர் நிதிக்காகப் பாட அழைத்தார்கள். பார்வையாளரைப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்றார் மரியன். அப்படியே நடந்தது. நாலு வருசம் கழித்து அந்தக் கதவுக்குள் போனார், தன் நிபந்தனையோடு.

இதையெல்லாம் இப்போது இப்படி எழுதுகிறேனே தவிர, எம்.ஏ. படிக்கிற காலத்தில் எனக்கு மரியனைப் பிடிக்காது. எங்கள் அறையில் ராப்சன் படம்தான் ஒட்டியிருக்கும். ராப்சன் 1938இல் ஸ்பெயினுக்குப் போய்ப் பாசிசத்தை எதிர்த்துச் சண்டையிட்ட படையினருக்குப் பாடியவர். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் தோழர். மிசிசிப்பி ஆற்றைப் பற்றி இரண்டு வெள்ளையர் எழுதி நாடகத்தில் வந்த பாட்டை அவர் பாடிப் புகழாக்கினார். பிறகு அதில் தளர்ந்துபோகிற வரிகளைப் பிடுங்கிவிட்டுப் போராட்ட வரிகளைப் போட்டுக்கொண்டார். எழுதினவன் சொத்து என்று பார்க்கவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான், அதே கொலம்பியாவில் படித்த அசாமின் பூபேன் ஹசாரிகா பிரம்மபுத்திரா நதியிடம் கேள்வி கேட்கும் தன் புகழ்பெற்ற பாட்டைக் கட்டினார்.

இதற்கெல்லாம் விலை கேட்டார்கள். 1949இல் நியூயார்க்கை அடுத்த பீக்ஸ்கில்லில் ராப்சன் கச்சேரிக்கு வந்தவர்களை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. ஒரு வாரத்தில் திரும்ப வந்து பாடினார். தொழிற்சங்கத்துக்காரர்கள் சுற்றி மனுசச் சுவராக நின்றார்கள். பாட்டு முடிந்து திரும்பிய பேருந்துகள் மேல் கல்மழை, நூறு பேருக்கு மேல் காயம். மண்டபங்கள் ஒவ்வொன்றாக அவருக்குக் கதவைச் சாத்தின. 1950இல் கடவுச்சீட்டைப் பறித்தார்கள். காலனி நாட்டு மக்களின் விடுதலைக்காகப் பேசுகிறார் என்பதையும் ஒரு குற்றமாக நீதிமன்றத்தில் சொன்னது வெளியுறவுத் துறை. வருசத்துக்கு லட்சம் டாலர் சம்பாதித்தவர் சில ஆயிரத்துக்கு வந்தார். 1952இல் கனடா எல்லையில் ஒரு லாரியின் முதுகில் ஏறி நின்று, எல்லைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பாடினார். ஆள் தாண்டக் கூடாது, சத்தம் தாண்டலாம். 1957இல் லண்டன் அரங்கில் கூடியிருந்தவர்களுக்குக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக நியூயார்க்கிலிருந்து பாடினார்.

அதே 1957இல் அதே வெளியுறவுத் துறை மரியன் ஆண்டர்சனை ஆசிய நாடுகளுக்கு நல்லெண்ணத் தூதராக அனுப்பியது. இந்தியாவுக்கும் வந்தார். கூடவே தொலைக்காட்சிக் கேமரா வந்தது, எடுத்த படத்தை அரசே வெளிநாடுகளில் திரையிட்டது. பார், எங்கள் நாட்டில் கறுப்பர் எப்படி இருக்கிறார் பார், என்பதுதான் விசயம். அந்த மாதம்தான் ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் ஆளுநர் பாபஸ் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார். பயணத்தில் மரியனிடம் கேட்டார்கள், அந்த ஆளுநர் முன்னால் பாடுவீர்களா என்று. அதனால் நல்லது நடக்குமென்றால் பாடுவேன் என்கிற மாதிரி பதில் சொன்னார். இதைப் படித்த அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பண்ணையார் வீட்டுக் கல்யாணத்துக்கு அடிக்கப் போகிற மாதிரி இருக்கிறதே என்று நண்பர்களிடம் கத்தினேன்.

இப்போது கத்த மாட்டேன். 1950 வாக்கில் இருந்தே பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளில் பாட முடியாது என்று சொல்லி, கச்சேரிகளை இழந்தவர் அவர். தூதராக அனுப்பியவர்களுக்கு அவர் வாயில் வரவேண்டிய பொய் ஒன்று இருந்தது, அதை அவர் முழுசாகச் சொல்லிவிடவும் இல்லை. ஒருத்தரைச் சிறகை வெட்டி வீட்டில் வைத்தார்கள். இன்னொருத்தரைக் கையில் ஏந்தி ஊர்வலம் விட்டார்கள். இரண்டையும் செய்தது ஒரே கை. நான் அந்தக் கையைப் பார்க்காமல், எந்தப் பறவை நல்ல பறவை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்ம இயக்கங்களுக்குள் இந்த வியாதி நிறைய உண்டு.

1958 ஏப்ரல் 9. ராப்சனுக்கு அறுபது வயசு. இந்தியாவில் கொண்டாட ஒரு குழு அமைந்தது, பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா முன்னின்றார். நேரு வாழ்த்து அறிக்கை கொடுத்தார். அமெரிக்க அதிகாரிகள் ஓடோடி வந்து வேண்டாம் என்று அழுத்தம் கொடுத்தார்கள். அஞ்சாறு மாதம் முன்னால் ஒரு கறுப்புக் குரலை இங்கே இறக்கியவர்கள், இன்னொரு கறுப்புக் குரலின் பிறந்த நாளைக்கூடப் பொறுக்கவில்லை. விழா நடந்தது. நேருவுக்கும் சாக்ளாவுக்கும் இதற்காக மரியாதை செய்யத்தான் வேண்டும்.

ஆனால் எனக்கு அந்தக் காலண்டரில் இன்னொரு தேதி உறுத்துகிறது. லிட்டில் ராக்கில் பிள்ளைகள் முதலில் திருப்பி அனுப்பப்பட்டது 1957 செப்டம்பர் 4. ராணுவப் பாதுகாப்போடு உள்ளே போனது செப்டம்பர் 25. இரண்டுக்கும் நடுவே செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் தன் மக்களின் பிரதிநிதியாகச் சமமாக உட்கார்ந்து பேசிய மறுநாள். தொடர்ந்து முதுகுளத்தூர் வட்டாரம் எரிந்தது. அங்கே மண்டபத்தில் உட்காரும் இடம். இங்கேயும் உட்காரும் இடம்தான். ராப்சன் பட்ட பாட்டுக்காக உருகியவர்களில் எத்தனை பேர் இராமநாதபுரத்துக்கும் உருகினார்கள்? கடல் தாண்டின அநியாயம் நம்ம ஆட்களுக்கு எப்பவும் பளிச்சென்று தெரியும்.

1958 ஜூனில் வேறொரு வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ராப்சனுக்குக் கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது. அதற்குள் எட்டு வருசம் போயிருந்தது. 1976 ஜனவரியில் செத்துப்போனார், மரியன் பிறந்த பிலடெல்பியாவில். மரியன் இறந்தது 1993 ஏப்ரல் 8, ஒரு நாள் முந்தி.

இதே தேதியில் 1932இல் டென்னசியில் பிறந்த ஒரு வெள்ளைக்காரரையும் சொல்லணும். கார்ல் பெர்கின்ஸ். குத்தகைக் கூலிக் குடும்பம், பருத்தி பொறுக்கிய பையன். நீலத்தோல் செருப்பைப் பற்றிய அவர் பாட்டு 1956இல் அமெரிக்காவையே ஆட்டியது. 'ராக் அண்ட் ரோல்' வரலாற்றில் அவருக்கு இடம் நிச்சயம். பையனுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் அதே காட்டில் வேலை பார்த்த ஜான் வெஸ்ட்புரூக் என்ற கறுப்பு முதியவர். பெர்கின்ஸ் இதை மறைக்கவில்லை, வாழ்நாளெல்லாம் சொன்னார். ஆனாலும் இசைக் காலண்டரில் பெர்கின்சுக்குத் தேதி இருக்கிறது, வெஸ்ட்புரூக்குக்கு இல்லை.

போன ஏப்ரலில் எங்கள் தெரு இரவுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பேர் பாட்டையும் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் ராப்சன் குரலைக் கேட்டு, கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்குண்ணே என்று சிரித்தார்கள். மரியன் பாடும்போது சித்தப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நாற்பது வருசம் பறை அடித்தவர். இப்போது தோள்பட்டை தூக்க முடியாது. மொழி புரியாமலே கடைசிவரை கேட்டார்.

"இந்தம்மா எந்த மண்டபத்துல பாடுது?"

"மண்டபம் குடுக்கல சித்தப்பா. வெளிய, படிக்கட்டுல நின்னு பாடுனாங்க."

"கூலி குடுத்தாங்களா?"

"டிக்கெட் இல்லாத கச்சேரி சித்தப்பா அது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். விரல் மட்டும் திண்ணையில் தாளம் தேடிக்கொண்டிருந்தது.

"திரும்பப் போடு," என்றார்.